பெயர் ஒட்டாத போத்தல்கள்

தைப்பூசத்துக்கு முந்திய சனிக்கிழமை கோயில் கழுவுகிற நாள்.

சுவிஸில், ஓல்டன் நகரில், ஆரே ஆற்றின் கரையோரம், டயர்க்கடை ஒன்றுக்கும் மரச்சாமான் கிட்டங்கி ஒன்றுக்கும் நடுவே ஒரு பழைய தொழிற்சாலைக் கட்டடம் இருக்கிறது. அதன் நிலமாடியில்தான் முருகன் குடியிருக்கிறார். அது கோயில் என்பதற்கு வெளியில் இருக்கும் ஒரே அடையாளம், வாசலுக்கு மேலே கம்பத்தில் பறக்கும் சேவற்கொடி. புதிதாக வருபவர்கள் டயர் மாற்றுகிற பையன்களிடம் வழி கேட்பார்கள். அவர்களும் கையில் கிறீஸோடு கொடியைக் காட்டிவிடுவார்கள்.

கழுவ வருகிறவர்களில் பாதிப்பேருக்கு வார நாட்களிலும் அதுதான் தொழில். ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், வங்கி, ஹோட்டல் என்று ஐந்து நாளும் ஊரான் தரையைத் துடைத்தவர்கள், சனிக்கிழமை சாமியின் தரையைத் துடைக்க வரும்போது வெறுங்கையோடு வரமாட்டார்கள். தங்கள் வேலையிடத்தில் எது மிகத் திறமான கழுவுகிற மருந்தோ அதில் கொஞ்சம் ஊற்றிக்கொண்டு வருவார்கள். ஊற்றுவது எதில்? ரிவெல்லாச் சோடா குடித்து முடித்த போத்தலில், அப்பிள் சாற்றுப் போத்தலில், பிள்ளைகள் பள்ளிக்குக் கொண்டுபோய்க் கைவிட்ட தண்ணீர்ப் போத்தலில். அதில் பெயர் எழுதும் வழக்கம் யாருக்கும் இல்லை. கொண்டுவந்தவருக்குத் தெரியும்தானே. பிறகு தொடங்கும் போட்டி. என் மருந்தா உன் மருந்தா என்று அவர்கள் வாதாடுவதைக் கேட்டால், சாமிக்கு நேர்த்தி வைத்ததே போத்தலைத்தான் என்று தோன்றும்.

மண்டபத்துக்குப் பொறுப்பு பத்மநாதன். ஐம்பதைத் தாண்டியவர், பார்சல் கிட்டங்கி ஒன்றில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். அதிகம் கதைக்கமாட்டார். ஏன் கதைப்பதில்லை என்று கேட்டால் அதற்கும் பதில் வராது. அவர் இந்தப் பொறுப்பை ஏற்றுக்கொண்டதற்கு உண்மைக் காரணம் கோயில் கதவின் திறப்பு. திறப்பு கையில் இருந்தால் ஐயர் வருமுன், விளக்கு ஏற்றுமுன், இருட்டு மண்டபத்தில் தூணோடு சாய்ந்து சிறிது நேரம் இருக்கலாம். சாமியும் அவரும் ஒருவரையொருவர் தொந்தரவு செய்யாத நேரம் அது. வேலையில் நாள் முழுக்க பின்னால் போகும் வண்டியின் பீப் சத்தம், வீட்டில் தொலைக்காட்சி. இந்த அரைமணி நேர மௌனத்தை வைத்துத்தான் மிச்சக் கிழமையை அவர் ஓட்டிக்கொண்டிருந்தார்.

அந்த மௌனத்துக்கு இரண்டு எதிரிகள். முதலாவது, நேர் கீழே நிலவறையில் ஒத்திகை பார்க்கிற குக்கன்மியூசிக் கோஷ்டி. மாசியில் வரும் ஃபாஸ்நாக்ட் திருவிழாவுக்காக, வேண்டுமென்றே சுருதி பிசகி ஊதுகிற பித்தளைக் கூட்டம் அது. கார்த்திகையிலிருந்து அவர்களின் பெருந்தவில் பத்மநாதனின் உள்ளங்காலில் இடிக்கும். பொறுக்கமுடியாமல் கோஷ்டித் தலைவன் ரோலண்டுக்குப் போன் எடுப்பார். ரோலண்ட் போனில் பேசி நேரத்தை வீணாக்குகிறவன் இல்லை. உள்படி வழியாகத் தடதடவென்று மேலே ஏறி வந்து, கோயில் வாசலில் நின்று, உங்கள் மேளம் மட்டும் என்ன தாலாட்டா என்று கேட்டுவிட்டுப் போவான். பத்மநாதனின் போனில் அவன் பெயர் 'கீழ்த்தகரம்'.

இரண்டாவது எதிரி கட்டடச் சொந்தக்காரர் ஸ்டூடர். கற்பூரப் புகை ஏறிப் புகையுணரி அலறி, தீயணைப்பு வண்டி இரண்டு தடவை வீணாக வந்து போயிருந்தது. இரண்டாம் தடவை ஸ்டூடர் நேரில் வந்தார். கோபப்படவில்லை. தன் பெரிய கையைப் பத்மநாதனின் தோளில் வைத்து, இன்னொரு முறை அந்தச் சிவப்பு வண்டி என் முற்றத்துக்கு வந்தால் நீங்கள் வேறு இடம் பார்க்கவேண்டியிருக்கும் என்று அமைதியாகச் சொன்னார். கோபமாகச் சொல்லியிருந்தால் பத்மநாதன் மறந்திருப்பார். இந்த ஊரில் கோயிலுக்கு மண்டபம் தர ஒருவர் சம்மதிக்கும்வரை எத்தனை கதவு தட்டினார்கள் என்பது அவருக்குத் தெரியும். அன்று முதல் கற்பூரம் ஏற்றும்போதெல்லாம் சாமியைப் பார்க்காமல் கூரையைப் பார்த்தே கும்பிட்டார்.

அன்று பனி விழுந்து ஓய்ந்திருந்தது. முற்றம் முழுக்க வெள்ளை. ஆட்கள் சப்பாத்துகளை வெளியே தாழ்வாரத்துத் தட்டில் விட்டு, குளிருக்கு விரல்களைச் சுருக்கிக்கொண்டு உள்ளே ஓடினார்கள். ஐயர் கருவறையில் வெள்ளிச் சாமான்களோடு இருந்தார். பத்மநாதன் ஏணியில் நின்று தோரணம் கட்டிக்கொண்டிருந்தார்.

மடப்பள்ளியில் வடை பொரிக்கிற தாச்சியை வைக்கும் இடத்தில் வருடக்கணக்கான எண்ணெய்க் கறை ஒன்று உண்டு. கறுத்து, தரையோடு தரையாகிவிட்ட கறை. அதை யார் எடுப்பது என்பதில்தான் அன்றைய போட்டி. ஒரு பக்கம் குகதாசன். உள்ளக நீச்சல் குளம் ஒன்றில் வேலை, அறுபதை நெருங்குகிற மனிதர், வாய் ஓயாது. மறுபக்கம் வேணுகா. லுசேர்ணில் ஒரு ஹோட்டலில் அறைகளுக்குப் பொறுப்பான முப்பத்தைந்து வயதுப் பெண். ரயிலில் வரும்போதே போத்தலை மடியில் வைத்துக்கொண்டு வந்தவள்.

குகதாசன் தன் அப்பிள் சாற்றுப் போத்தலை வாளியில் கவிழ்த்தார். பிறகு பிரஷ்ஷைத் தேடிப் போனார். வேணுகா வந்து வாளியை எட்டிப் பார்த்தாள். அடியில் கொஞ்சம் தண்ணீர் போலக் கிடந்தது.

"அண்ணை, உங்கடை மருந்துக்குக் குளத்திலை ஒரு நுளம்புகூடச் சாகாது," என்றாள். "தள்ளுங்கோ, நான் காட்டுறன்."

"பிள்ளை, உன்ரை ஹோட்டல் சாமான் வெள்ளைக்காரனுக்கு மணக்கிறதுக்கு. கறைக்கு இல்லை," என்றார் அவர், பிரஷ்ஷைக் கண்டுபிடித்த பெருமையில்.

அவள் ரிவெல்லாப் போத்தலைத் திறந்து அதே வாளியில் ஊற்றினாள். குளியலறைச் சுண்ணாம்புப் படிவை எடுக்கிற அமில மருந்து அது. குகதாசனுடையது குளத்துக் குளோர், அதாவது தண்ணீரில் கலக்கிற குளோரின். தனித்தனியாக இரண்டும் தங்கள் தங்கள் வேலையிடத்தில் ஒழுங்காக, பெரிய எழுத்துப் போட்ட கலன்களில், வெவ்வேறு அலமாரிகளில் இருந்தவை. ஒன்றையொன்று சந்திக்கவே கூடாது என்று அந்தக் கலன்களில் சிவப்பில் எழுதியும் இருந்தது. ஆனால் சிவப்பு எழுத்துப் போத்தலுக்குள் ஊற்றுப்பட்டு வராது.

வாளி இரைந்தது. மெல்லியதாக ஒரு மஞ்சட்பச்சைப் புகை விளிம்பில் எழுந்து, மேலே போகாமல், வாளியைத் தழுவிக்கொண்டு தரைக்கு இறங்கியது.

ஏணியில் நின்ற பத்மநாதனுக்கு மணம்தான் முதலில் வந்தது. நீச்சல் குள மணம். பிள்ளைகளைச் சிறுவயதில் நீந்தக் கூட்டிக்கொண்டு போன ஞாயிற்றுக்கிழமைகளின் மணம். மடப்பள்ளியிலிருந்து யாரோ, ஆகா, நல்லாய்ச் சுத்தமாகுது என்று சொன்னது கேட்டது. அவருக்கும் ஒரு கணம் அப்படித்தான் இருந்தது. சுத்தத்தின் மணம். பிறகு அவருக்கு ஒன்று உறுத்தியது. கோயிலில் ஏது நீச்சல் குளம்? அதற்குள் வேணுகா இருமத் தொடங்கினாள். சும்மா இருமல் இல்லை, நிறுத்தமுடியாத இருமல். தொடர்ந்து குகதாசனும் இருமினார். பத்மநாதனின் கண் எரிந்தது.

அவருடைய கிட்டங்கியில் வருடத்துக்கொருமுறை ஆபத்துப் பொருட்கள் பற்றி ஒரு வகுப்பு நடக்கும். பத்மநாதன் அதற்குத் தவறாமல் போவார். போவதற்குக் காரணம் இடைவேளையில் தரும் வெண்ணெய் கிப்ஃபெலி என்ற பிறைவடிவ ரொட்டி. பின்வரிசையில் இருந்து பாதி நித்திரையில் கேட்டது எதுவும் தலையில் நிற்கவில்லை என்றுதான் நினைத்திருந்தார். ஆனால் கண் எரிந்த அந்தக் கணத்தில், கிப்ஃபெலித் துகள்களோடு ஒட்டிக்கொண்டிருந்த வகுப்பும் வந்துவிட்டது. என்ன பொருள் என்று மோந்து ஆராயாதே. தொடாதே. தூக்காதே. ஆட்களை வெளியே எடு. காற்று வருகிற பக்கம் நில். பிறகு அழை.

"எல்லாரும் வெளியிலை. இப்பவே," என்றார். அவர் குரல் உயர்ந்து யாரும் கேட்டதில்லை. அதனால் அந்தச் சாதாரண உரப்பே போதுமாயிருந்தது.

ஒருவன் வாளியைத் தூக்கி வெளியே கொண்டுபோகக் குனிந்தான். விடு என்றார். இன்னொருத்தி தண்ணீர் ஊற்றி ஐதாக்கலாம் என்று குடத்தோடு வந்தாள். குடத்தையும் வைக்கச் சொன்னார். மணம் போக ஒரு கற்பூரம் கொளுத்துவோமா என்று கேட்டவரைப் பதில் சொல்லாமல் முதுகில் தள்ளிக்கொண்டு போனார். சாமியைத் தனிய விட்டுவிட்டு எப்படி வருவது என்று ஐயர் அடம்பிடிப்பாரோ என்று பயந்துகொண்டு கருவறைப் பக்கம் திரும்பினால் அங்கே ஆளில்லை. ஐயர்தான் முதலில் வெளியே நின்றார், கையில் வெள்ளி வேலோடு. சாமியும் தன்னோடு வந்துவிட்டார் என்று விளக்கமும் சொன்னார். மடப்பள்ளிக் கதவை இழுத்துச் சாத்திவிட்டு, பத்மநாதன் கடைசியாக வந்தார்.

முற்றத்தில் எல்லாரும் சப்பாத்துக்குள் காலை நுழைத்தார்கள். மேலங்கிகள் உள்ளே மாட்டியபடி கிடந்தன. யாரையும் எடுக்கப் போக அவர் விடவில்லை. சப்பாத்துத் தட்டைப் பார்த்தார். ஒரு சோடிகூட மிஞ்சவில்லை. சப்பாத்தெல்லாம் காலில் ஏறிவிட்டால் ஆளெல்லாம் வெளியே. கணக்கெடுக்க இதைவிட நல்ல வழி எந்த வகுப்பிலும் சொல்லித் தரமாட்டார்கள்.

அண்ணாந்து கொடியைப் பார்த்தார். சேவல் தங்களை நோக்கிப் பறந்துகொண்டிருந்தது. இந்த ஊர்த் தேவாலயக் கோபுரங்களில் காற்றுக் காட்டும் தகரச் சேவல் இருப்பதுபோல, அன்று முருகனின் சேவலுக்கும் அந்த வேலை வந்தது. காற்று ஆற்றுப் பக்கமிருந்து, கட்டடத்தைக் கடந்து, தாங்கள் நிற்கும் முற்றத்துக்கு வருகிறது. நிற்கக் கூடாத இடத்தில் நிற்கிறோம். கட்டடத்தை எட்டச் சுற்றி எல்லாரையும் ஆற்றங்கரைப் பக்கம் கூட்டிப் போனார். கையை நீட்டிப் பெருவிரலை உயர்த்தினால் கட்டடம் விரலுக்குப் பின்னால் மறையவேண்டும், அவ்வளவு தூரம் போகவேண்டும் என்றும் வகுப்பில் சொல்லியிருந்தார்கள். அந்தப் பக்கம் அவ்வளவு நிலம் இல்லை. ஆறு வந்துவிட்டது. ஆனாலும் எல்லாரும் கையை நீட்டி விரலைப் பிடித்துப் பார்த்தார்கள். பனியில் நடுங்கிக்கொண்டு, வேட்டி சேலையோடு, ஆற்றங்கரையில் வரிசையாக நின்று கட்டடத்துக்குப் பெருவிரல் காட்டுகிற கூட்டத்தைப் பார்த்து, நாயோடு நடந்துபோன ஒரு கிழவர் தானும் பெருவிரலைக் காட்டிவிட்டுப் போனார்.

வேணுகாவை ஒரு மரக்குற்றியில் இருத்தினார்கள். இருமல் குறைந்திருந்தது, ஆனால் கண் சிவந்து நீர் வடிந்தது.

பத்மநாதன் போனை எடுத்தார். தீயணைப்புப் படைக்கு 118 என்ற மூன்று இலக்கங்கள். முதலிரண்டையும் அமத்திவிட்டார். எட்டின் மேல் விரல் நின்றது.

எல்லாருக்கும் ஸ்டூடரின் கை தங்கள் தோளிலும் இருப்பதுபோல இருந்தது. கடைசியில் குகதாசன் சொன்னார்.

"பத்மநாதன், ஆள் ஒருத்தரும் உள்ளுக்கை இல்லை. கொஞ்சம் பொறுத்தா அது தன்ரைபாட்டிலை போயிடும். சிவப்பு வண்டி வந்தா, தைப்பூசத்தை இந்த ஆத்தங்கரையிலைதான் செய்யவேணும்."

அதில் நியாயம் இருந்தது. சப்பாத்துத் தட்டு வெறுமை. வேணுகாவை ஒரு காரில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பலாம். சாயங்காலம் கதவுகளைத் திறந்துவிடலாம். ஒரு ஆளுக்கும் தெரியவராது. பத்மநாதன் போனைக் கீழே தாழ்த்தினார். ஆற்றின் சத்தம் மட்டும் கேட்டது. அவருக்குப் பிடித்த மாதிரியான மௌனம்.

அப்போது நிலத்துக்கு அடியிலிருந்து பெருந்தவில் இடித்தது.

தொடர்ந்து, சுருதி பிசகிய ஒரு ஊதல்.

பத்மநாதனுக்கு வகுப்பில் பார்த்த ஒரு பொம்மைப் படிக்கட்டு ஞாபகம் வந்தது. பயிற்றுநர் ஒரு கிண்ணத்திலிருந்து வெண்புகையைச் சரித்தார். புகை மேலே போகாமல் படிபடியாக இறங்கி, அடியில் வைத்திருந்த மெழுகுதிரியை அணைத்தது. காற்றைவிடப் பாரமான வாயு தண்ணீர் மாதிரி, பள்ளத்தைத் தேடிப் போகும் என்றார். மடப்பள்ளிக்கு அடுத்த கதவு உள்படி. கதவுக்கு அடியில் விரல் நுழைகிற இடைவெளி. படி இறங்கினால் நிலவறை. நிலவறையில் ஒத்திகை.

எட்டை அமத்தினார்.

மறுமுனையில் ஒரு பெண் பதற்றமில்லாமல் கேட்டாள். எங்கே, என்ன நிறம், எந்தப் பக்கக் காற்று, யாருக்கு என்ன செய்கிறது, உள்ளே யார். சொல்லச் சொல்ல அவள் தட்டச்சுச் செய்கிற சத்தம் கேட்டது. வண்டி புறப்பட்டுவிட்டது என்றாள். எக்காரணம் கொண்டும் உள்ளே போகவேண்டாம், கீழே இருப்பவர்களை வெளியிலிருந்து எச்சரிக்க முடிந்தால் மட்டும் செய்யுங்கள் என்றாள்.

'கீழ்த்தகரம்' என்ற பெயரைத் தேடி எடுத்துவிட்டார். அமத்தப் போன விரலை நெருப்பில் பட்டதுபோல் இழுத்துக்கொண்டார். இந்தப் போன் அடித்தால் ரோலண்ட் என்ன செய்வான் என்பது உலகத்தில் அவருக்கு மட்டும் நிச்சயமாகத் தெரியும். எடுக்கமாட்டான். கோபத்தோடு கதவைத் திறந்து உள்படி ஏறுவான். நேராக அந்தப் பச்சைப் புகைக்குள் தலையைக் கொண்டுபோய்க் கொடுப்பான்.

ஆற்றுப் பக்கச் சுவரில் நிலமட்டத்தோடு நிலவறையின் ஒரு யன்னல் இருந்தது. மங்கற் கண்ணாடி. அதற்குப் பக்கத்தில் சாமான் இறக்குகிற சாய்தளம், அதன் அடியில் இரும்பு அவசரக் கதவு. காற்று வருகிற பக்கம் இது. சுத்தமான பக்கம். இந்தக் கதவால் அவர்கள் வந்தால் போதும்.

கொஞ்சம் கிட்டப் போய்க் கத்தினார். தவிலுக்கு அது கேட்கவில்லை. அவர் குனிந்து, இரண்டு கையாலும் பனியை அள்ளி, உருட்டி, யன்னலுக்கு எறிந்தார்.

சிறுவயதில் மாங்காய்க்கு எறிந்த கை. குறி தப்பவில்லை. இரண்டாவது உருண்டையை எறியும்போது குகதாசனும் பக்கத்தில் நின்று உருட்டத் தொடங்கிவிட்டார். பிறகு மற்றவர்கள். இத்தனை வருடக் கார்த்திகை, மார்கழி, தை எல்லாம் அந்தக் கைகளில் இருந்ததோ என்னவோ, பனி மழையாய்ப் பொழிந்தது.

தவில் நின்றது. யன்னல் திறந்தது. வெளியே நீண்டது ஒரு பெரிய மஞ்சள் அலகு.

பத்மநாதன் வாயைத் திறந்தார். இருபது வருட ஜெர்மன் எங்கே போனதென்று தெரியவில்லை. வாயில் வந்தது ஒரே சொல், எந்தப் பாஷைக்கும் பொதுவான சொல்.

"காஸ்," என்றார். "ரோலண்ட், காஸ்."

அலகுக்குள்ளிருந்து ரோலண்டின் குரல் வந்தது. ஒத்திகையைக் குழப்ப இதுதான் புது வழியா, பொறு, இப்போதே மேலே வருகிறேன் என்றது. அலகு உள்ளே திரும்பியது. மேலே என்றால் எந்தப் படி என்று பத்மநாதனுக்குத் தெரியும். கையில் ஒரு உருண்டை மிச்சம் இருந்தது. ஓர் அடி முன்னால் வைத்து, திரும்பிய அந்தத் தலையின் பின்பக்கத்துக்கே விட்டார்.

அது சரியான மொழிபெயர்ப்பு. இரும்புக் கதவு வெடித்ததுபோல் திறந்தது. ரோலண்ட் பாய்ந்து வந்தான், அவனுக்குப் பின்னால் மிச்சப்பேர். இந்த வருடக் கோஷ்டி வேஷம் சேவல். ஆளுயரச் சேவல்கள், சிவப்புக் கொண்டையும் இறகு அங்கியுமாக, கையில் பித்தளை மின்ன நிலத்துக்கு அடியிலிருந்து ஒன்றன்பின் ஒன்றாக ஏறி வந்தன. வேலோடு நின்ற ஐயர் தன்னை மறந்து கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். பின்னர் அதைப் பற்றிக் கேட்டபோது குளிருக்குக் கையைத் தேய்த்ததாகச் சொன்னார்.

"கதவைச் சாத்துங்கோ. எல்லாரும் வந்தாச்சோ?" பத்மநாதன் தமிழில்தான் கேட்டார். பிறகு ஜெர்மன் திரும்பி வந்தது. விஷயத்தைச் சொன்னார். ரோலண்ட் எறிய எடுத்த பனியைக் கையிலேயே வைத்துக்கொண்டு கேட்டான். கீழே படிப்பக்கம் ஏதோ குள மணம் வந்தது, மேலே துடைக்கிறீர்கள் என்று நினைத்தோம் என்றான். பனி அவன் கையில் உருகியது.

வண்டி வந்தது. ஒன்றல்ல, நாலு. மூச்சுக்கான காற்றுப்பை சுமந்த இரண்டு தீயணைப்பு வீரர்கள் உள்ளே போனார்கள். ஓர் அதிகாரி ஆற்றங்கரைக்கு வந்தபோது அங்கே கோயில்காரர் யார் கோஷ்டிக்காரர் யார் என்று அவரால் பிரித்தறிய முடியவில்லை. ஏனென்றால் மேலங்கி இல்லாமல் நடுங்கியவர்களுக்குச் சேவல்கள் தங்கள் இறகு அங்கிகளைக் கழற்றிப் போர்த்திவிட்டிருந்தன. ஐயர் இடுப்புக்கு மேல் சேவலாக இருந்தார்.

வாளியில் என்ன இருந்தது என்று அதிகாரி கேட்டார். அமில மருந்து என்றாள் வேணுகா, அடைத்த குரலில். உடனே ஹோட்டலுக்குப் போன் எடுத்து, தன்னோடு வேலைசெய்யும் பெண்ணைக் கலனில் உள்ள பெயரை வாசிக்கச் சொல்லி, அதை அதிகாரிக்குச் சொன்னாள். மற்றது? அதிகாரி குகதாசனைப் பார்த்தார். அது அவர் வேலையிடத்தில் கேளாமல் ஊற்றிக்கொண்டு வந்தது. வாய் ஓயாத குகதாசன் அன்றுதான் முதல்முறை வாயை மூடியிருந்தார். பத்மநாதனுக்கு மௌனங்களைப் பற்றிக் கொஞ்சம் தெரியும். இது கெட்டுப்போகிற வகை.

"சொல்லுங்கோ குகதாசன். உள்ளுக்கை காற்றுப்பையோடை ரெண்டு பிள்ளையள் நிக்கினம்," என்றார்.

"குளத்துக் குளோர்," என்றார் குகதாசன். தொழிற்பெயரையும் வீதத்தையும் சொன்னார். திங்கட்கிழமை வேலையில் நானே சொல்லிப்போடுவன் என்று யாரும் கேளாமலே சேர்த்துக்கொண்டார்.

காற்றுப்பை மனிதர்கள் வெளியே வந்து, மடப்பள்ளியைவிட உள்படியின் அடியில்தான் அளவு அதிகம் என்றார்கள். யாராவது அந்தப் படியால் ஏறியிருந்தால், என்று தொடங்கிவிட்டு முடிக்கவில்லை. வேணுகாவையும் குகதாசனையும் ஆம்புலன்ஸ் கொண்டுபோனது. இந்த வாயு சிலவேளை பிந்தித்தான் நெஞ்சில் வேலையைக் காட்டுமாம். ஓர் இரவு அங்கேயே வைத்துப் பார்க்கவேண்டும் என்றார்கள்.

அப்போதுதான் பெருந்தவிலைச் சுமந்து நின்ற சேவல் தன் தலையைக் கழற்றியது. யன்னல் திறந்த கணத்தில் உள்ளே பாய்ந்த பனியுருண்டைகள் முழுக்க அப்பிய தலை. உள்ளே ஸ்டூடர்.

இந்த வருடம்தான் சேர்ந்தேன் என்றார் ஸ்டூடர், கேட்காத கேள்விக்குப் பதிலாக. முற்றத்தில் நின்ற சிவப்பு வண்டிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"போன் எடுத்தபோது, கீழே நான் இருப்பது தெரியுமா?"

தெரியும் என்று சொன்னால் எல்லாம் சரியாகிவிடும். அது பத்மநாதனுக்கு நன்றாகவே புரிந்தது.

"தெரியாது," என்றார். "தெரிந்திருந்தால் இன்னும் கொஞ்ச நேரம் பயந்திருப்பேன்."

ஸ்டூடர் தவிலை மறுதோளுக்கு மாற்றிக்கொண்டு தன் காரை நோக்கிப் போனார். ஆமென்றும் இல்லையென்றும் சொல்லாமல் போகிற மனிதனின் முதுகைப் பத்மநாதன் கடைசிவரை பார்த்துக்கொண்டிருந்தார். மற்றவர்களின் மௌனம் எப்படியிருக்கும் என்று அவருக்கு அந்தக் கிழமை முழுக்கத் தெரிந்தது.

தைப்பூசம் அன்று மண்டபம் திறந்திருந்தது. மூடச் சொல்லி யாரும் சொல்லவில்லை, இருக்கச் சொல்லியும் சொல்லவில்லை. மடப்பள்ளித் தரையில், வாளி தளும்பிய இடத்தில் மட்டும் கறை போய்ப் பால்வெள்ளையாக ஒரு துண்டு. அதைப் பார்த்தவர்கள் மிச்சக் கறையைத் தொடவில்லை. வாசலில் வேணுகா நின்றாள். குரல் இன்னும் கரகரத்தது. அவளே கேட்டு வாங்கிக்கொண்ட வேலை அது. பெயர் ஒட்டாத எந்தப் போத்தலும் உள்ளே போகக்கூடாது.

குகதாசன் வந்தார், கையில் ரிவெல்லாப் போத்தலோடு.

"உதென்ன?"

"இளநீர், பிள்ளை. அபிஷேகத்துக்கு. வீட்டிலை உடைச்சு ஊத்திக்கொண்டு வாறன்."

"ஆர் கண்டது? குடிச்சுக் காட்டுங்கோ."

"சாமிக்குக் கொண்டந்ததை நான் எச்சில்படுத்தவோ?"

வரிசை நின்றது. இது இலேசான சிக்கல் இல்லை. குடித்துக் காட்டினால் சாமிக்கு ஆகாது, குடிக்காவிட்டால் வாசலுக்குள் ஆகாது. ஐயரைப் பார்த்தார்கள். ஐயர் பத்மநாதனைப் பார்த்தார். பத்மநாதன் வாயைத் திறக்குமுன் வரிசையின் பின்னாலிருந்து, என்ன பிரச்சினை என்று ஜெர்மனில் ஒரு குரல் கேட்டது. ஸ்டூடர். ஃபாஸ்நாக்ட் நெருங்குகிறது, சேவல் அங்கிகளை வாங்கிப்போக வந்திருந்தார். சப்பாத்தைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்.

விளக்கினார்கள். ஸ்டூடர் போத்தலை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். வேணுகாவைப் பார்த்தார். அவள் வழியைவிட்டு விலகவில்லை. அவர் போத்தலைக் குகதாசனிடமே திருப்பிக் கொடுத்தார்.

"வண்டி வந்தால் என்று நான் சொன்னது வீணாக வருவதைத்தான்," என்றார் பத்மநாதனிடம். "கிழமை முழுக்க யோசித்தேன். அது வீணாக வரவில்லை. உள்ளே நான் இருந்தேன். மண்டபம் உங்களுக்குத்தான். ஒரு பூட்டு அலமாரி வைக்கிறேன், கழுவுகிற மருந்தெல்லாம் கடையிலிருந்து வந்த கலனிலேயே அதற்குள் இருக்கட்டும்." கொஞ்சம் நிறுத்தி, "அடுத்தமுறை எறிகிற பனியைக் கல்லில்லாமல் உருட்டுங்கள்," என்றார்.

பத்மநாதன் தலையாட்டினார். சொல்ல நிறைய இருந்தது, ஆனால் அவர் பத்மநாதன். அங்கிகளை மடித்து வைத்த இடத்தைக் காட்டினார். அவற்றில் சாம்பிராணி மணம் ஏறியிருந்தது. ஸ்டூடர் ஓர் அங்கியை மோந்து பார்த்து, பரவாயில்லை என்றார்.

அபிஷேகத்துக்கு ஐயரின் கண்முன்னால் புதுத் தேங்காய் உடைத்தார்கள். குகதாசன் முணுமுணுத்தபடி வெளிப்படியில் குந்தி, தன் இளநீரைத் தானே குடிக்கத் தொடங்கினார். ஸ்டூடர் பக்கத்தில் அமர்ந்து கையை நீட்டினார். போத்தல் கைமாறியது. உள்ளே மணி அடித்தது. பத்மநாதன் பழக்கதோஷத்தில் கூரையை அண்ணாந்து பார்த்து, பிறகு மெல்லத் தலையைத் தாழ்த்திச் சாமியைப் பார்த்தார். அவருடைய உள்ளங்காலுக்குக் கீழே நிலவறை சத்தமில்லாமல் இருந்தது. பூசை முடியும்வரை அது அப்படியே இருந்தது.